காப்பும் ஈடும்: கொதிகலன் காப்பீட்டின் தொடக்க வரலாறு

முன்னுரை

'காப்பீடு' என்னும் சொல்லில் காப்பு, ஈடு என்னும் இரு கூறுகள் உள்ளன. தொழிற்கருவிகளின் பழுதுக்கு எதிரான காப்பீட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரண்டனுள் எது முதன்மையானது என்னும் வினா அதன் தொடக்கத்திலேயே எழுந்ததைக் காண்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் இவ்வினாவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மான்செஸ்டர்

பஞ்சாலைகள் நீராவியால் இயங்கிய அக்காலத்தில் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. தகடு அரித்துப்போதல், நீர்மட்டம் தாழ்தல், பாதுகாப்பு வால்வு செயலிழத்தல் ஆகியன முதன்மைக் காரணங்களாகும். எனினும், வெடிப்பை விளக்கவியலாத விபத்தாகக் கருதியோர் பலர். அதற்குக் கண்டறியத்தக்க காரணம் உண்டு என வாதிட்ட பொறியாளருள் வில்லியம் ஃபேர்பேர்ன் குறிப்பிடத்தக்கவர். அவர் முன்னின்று 1854-55இல் மான்செஸ்டர் நீராவிப் பயனர் சங்கம் உருவாயிற்று. உறுப்பினர்களின் கொதிகலன்களைக் காலமுறைப்படி ஆய்வதே அதன் பணி. ஈட்டுத்தொகை வழங்குவது தொடக்கத்தில் அதன் நோக்கமன்று. பணம் கிடைக்கும் என்னும் உறுதி உரிமையாளரின் விழிப்பைத் தளர்த்திவிடும் என்னும் அச்சம் இதற்குப் பின்னணியாக இருந்தது.

இக்கருத்துக்கு மாற்றும் விரைவில் தோன்றியது. சங்கத்தின் தலைமை ஆய்வாளராக விளங்கிய ஆர். பி. லாங்ரிட்ஜ் அதிலிருந்து விலகி, 1858இல் தோன்றிய நீராவிக் கொதிகலன் காப்பீட்டு நிறுவனத்தை வழிநடத்தினார். அங்கு ஆய்வும் ஈடும் ஒரே ஒப்பந்தத்தில் இணைந்தன. பின்னர்ச் சங்கமும் தான் ஆய்ந்த கொதிகலன்களுக்குப் பண உத்தரவாதம் அளிக்கலாயிற்று.

ஹார்ட்ஃபோர்டு

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1854இல் ஃபேல்ஸ்-கிரே தொடர்வண்டிப் பெட்டித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து ஏறத்தாழ 20 பேர் மாண்டனர். 1865 ஏப்ரல் 27ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தன; இறந்தோர் 1,100க்கும் மேற்பட்டோர். அடுத்த ஆண்டில் ஹார்ட்ஃபோர்டு நீராவிக் கொதிகலன் ஆய்வு, காப்பீட்டு நிறுவனம் நிறுவப்பெற்றது. அதன் பெயரில் 'ஆய்வு' என்னும் சொல் 'காப்பீடு' என்பதற்கு முன்னே நிற்பது நம் கவனத்திற்குரியது.

சட்டத்தின் பங்கு

இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுக் கொதிகலன் வெடிப்புச் சட்டம், வெடிப்புகளை அரசு விசாரிக்க வழிவகுத்தது. 1901ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ 14 மாதங்களுக்கு ஒருமுறை தகுதியுடையவர் கொதிகலனை ஆய்வதைக் கட்டாயமாக்கியது. காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வாளர்களே இப்பணியைப் பெரிதும் ஆற்றினர். தனியார் ஒப்பந்தத்தில் வளர்ந்த நடைமுறை இவ்வாறு பொதுக் கடமையாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. ஈடு, கட்டணம் செலுத்திய உரிமையாளருக்கு உரியது. காப்போ ஒப்பந்தத்தில் பெயரில்லாத தொழிலாளிக்கும் உரியது. கொதிகலனருகே நின்று நெருப்பை ஓம்பியவன் உயிர்பிழைத்தது பணத்தால் அன்று. தகட்டின் அரிப்பை உரிய காலத்தில் கண்டு, 'இதனை இயக்காதீர்' என உரைத்த ஆய்வாளரால் ஆகும். அதே வேளையில், தான் பணம் செலுத்த நேரிடும் என்னும் நிலையே நிறுவனத்தை ஆய்வில் கருத்தூன்றச் செய்தது. ஆகவே ஈடு காப்புக்குத் தூண்டுகோலாக அமையும்வரை அவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. கட்டணப் போட்டியால் ஆய்வு சுருங்குமாயின், எஞ்சுவது ஈடு மட்டுமே. அது காப்பீடு ஆகாது.