மோர்மன் ஊழியரின் வாரம்: சென்னையிலிருந்து கொங்குநாடு வரை ஒரு வரலாற்று ஆய்வு

தாராபுரத்திலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையில், பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்காய்க்கும் பேர்போன மூலனூர் வட்டாரத்தார்க்குக் கிறிஸ்தவ ஊழியர் புதியவரல்லர். 1830-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோயம்புத்தூரில் வந்து குடியேறிய நாள் தொட்டும், பின்னர் வெஸ்லியன் மெதடிஸ்ட் சங்கத்தார் கரூரிலும் தாராபுரத்திலும் தங்கள் பணியை ஊன்றிய நாள் தொட்டும், பள்ளிக்கூடத்தின் வாயிலாகவும் மருத்துவசாலையின் வாயிலாகவுமே இப்பகுதி மக்கள் மிஷன் என்பதை அறிந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட பாதிரியார் தமிழ் கற்றவர், கட்டடம் எழுப்பியவர், பல ஆண்டுகள் ஓரூரில் தங்கி, சில வேளைகளில் அவ்வூர் மண்ணிலேயே அடக்கமானவர். மோர்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியரோ இந்த வார்ப்பில் அடங்காதவர். மீசை அரும்பும் வயதில், வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் நெஞ்சில் பெயர்ப் பலகையுமாக, எப்போதும் ஒரு துணைவரோடு இருவராய் வந்து, இரண்டு ஆண்டு தீர்ந்ததும் போய்விடுகிற இளைஞர் அவர். அவருடைய வாழ்வின் அளவுகோல் ஆண்டன்று, வாரம். அந்த வாரம் எவ்வாறு உருப்பெற்றது, தமிழ் மண்ணில் அதற்கு என்ன நேர்ந்தது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

ஆடிஸ் கோவைக்கு வந்த அதே 1830-ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் இச்சபையை ஸ்தாபித்தார். இருபது ஆண்டுகளுக்குள் அதன் செய்தி கப்பல் மாலுமிகள் வழியாகக் கல்கத்தாவை எட்டியது. 1851-இல் அங்கே முறையான ஊழியம் தொடங்கிற்று. 1852 ஆகஸ்டு மாத இறுதியில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாடு, உலகின் பல பாகங்களுக்கும் ஊழியரைத் தெரிந்தெடுத்த போது, இந்தியாவுக்கென ஒன்பது பேரைக் குறித்தது. அந்த மாநாட்டில்தான், பலதார மணம் தங்கள் சமயக் கொள்கை என்பதைச் சபையார் பகிரங்கமாக உலகுக்கு அறிவித்தனர். தூதர்களை அனுப்பிய கையோடு, அத்தூதர்கள் செல்லுமிடமெல்லாம் கதவை அடைக்கக்கூடிய செய்தியையும் அனுப்பிவைத்த இந்த விசித்திரத்துக்கு இணையான சம்பவம் மிஷன் வரலாறுகளில் அபூர்வம்.

ஒன்பதின்மரில் மூவர் சென்னைக்கு ஒதுக்கப்பட்டனர்: ரிச்சர்ட் பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ். இவர்களில் பாலண்டைன் தனித்துக் கருதத்தக்கவர். 1817-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, பிரெஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்து, மோர்மனாக மாறி அமெரிக்கா சென்ற அவர், 1849 டிசம்பரில் சால்ட் லேக் நகரிலிருந்த தம் வீட்டிலேயே குழந்தைகளைக் கூட்டி அந்நகரின் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை நடத்தியவர். மனைவி மக்களை விட்டுப் புறப்பட்ட அந்த முப்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தர், பணப்பையும் பயண மூட்டையும் இன்றிச் செல்லுதல் என்னும் சுவிசேஷ விதியை எழுத்துப்படியே கைக்கொண்டார். உண்ணும் சோறும் உறங்கும் கூரையும் கேட்பவர் மனமுவந்து தருவதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சங்கற்பம். 1853 ஏப்ரலில் 'மான்சூன்' என்னும் கப்பலில் கல்கத்தாவில் இறங்கி, அங்கிருந்து தெற்கே புறப்பட்டுக் கடும் புயலில் சிக்கி, ஒருவாறு ஜூலை மாதம் சென்னைக் கரையை அடைந்த அவர், ஓராண்டுக் காலம் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டும் கூட்டங்கள் நடத்தியும் வாதிட்டும் பார்த்துவிட்டு, 1854 ஜூலையில் லண்டனுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு தொடக்கத்தில் லிவர்பூலிலிருந்து புறப்பட்ட 'சார்லஸ் பக்' கப்பலில் நானூறுக்கு மேற்பட்ட விசுவாசிகளுக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா சேர்ந்து, அவர்களில் ஒரு கூட்டத்தைச் சமவெளி வழியாக யூட்டாவுக்கு நடத்திச் சென்ற அதே மனிதர்தாம் சென்னையில் ஒரு கைப்பிடியளவு ஆட்களுக்கு மேல் சேர்க்க இயலாதவராய்த் திரும்பியவர் என்பதை நோக்க, குறை அவருடைய திறமையில் இல்லை என்பது விளங்கும்.

குறை வேறிடத்தில் இருந்தது. அவர்கள் நாடியது தமிழரையன்று; கோட்டையிலும் கண்டோன்மெண்டிலும் இருந்த ஆங்கிலேயரையும் ஐரோப்பியக் கலப்பினத்தாரையுமே. பிரசுரங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மறுப்புரைகளும் ஆங்கிலத்திலேயே வந்தன. பலதார மணம் பற்றிய செய்தி வந்ததும் வெள்ளையர் வீட்டுக் கதவுகள் அடைபட்டன. இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. விசுவாசத்தை ஏற்றவர் அனைவரும் யூட்டாவில் வந்து கூட வேண்டும் என்பது அக்காலத்து உபதேசம். ஆகையால் ஓரூரில் ஊழியம் பலித்தால் அந்த ஊர் சபையை இழக்கும். பலிக்காவிட்டாலும் சபை இராது. கல்கத்தாவில் பீரங்கிப் படையில் இருந்த மாத்யூ மக்யூன் குடும்பம் மதம் மாறிச் சில ஆண்டுகளில் யூட்டாவுக்குப் போனது. அக்குடும்பத்தில் 1849-இல் கல்கத்தாவில் பிறந்த ஆல்பிரட் பின்னாளில் சுரங்க அதிபராகிச் சால்ட் லேக் நகரில் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. கல்கத்தாவில் அதற்கு ஈடாக எதுவும் நிற்கவில்லை. 1856-க்குள் இந்திய ஊழியம் முற்றிலும் அற்றுப்போயிற்று.

அடுத்த நூறாண்டில் மாறியது ஊழியரின் உருவம். குடும்பஸ்தர் நின்று, மணமாகாத இளைஞர் வந்தார். பிறர் இடும் சோற்றை நம்புவது நின்று, தாமோ தம் குடும்பமோ சேமித்த பணத்தில் வாழ்வது வழக்கமாயிற்று. 1925-இல் புறப்படுவோர்க்கெனச் சால்ட் லேக் நகரில் ஒரு பயிற்சி இல்லம் ஏற்பட்டது. 1960-இல் ஆண்கள் ஊழியத்துக்குப் புறப்படும் குறைந்தபட்ச வயது பத்தொன்பதாகக் குறைந்தது. 1961-இல் உலகெங்கும் ஒரே மாதிரியான ஆறு பாடங்கள் வகுக்கப்பட்டன. 2004-இல் பாடங்களை மனப்பாடமாய் ஒப்பிப்பதும் தளர்ந்து, சொந்த வாக்கில் உபதேசிக்கும் முறை வந்தது. 2012-இல் ஆணுக்குப் பதினெட்டும் பெண்ணுக்குப் பத்தொன்பதும் வயது வரம்பாயின. பாலண்டைனுக்குக் கால அட்டவணை கிடையாது. இன்றைய இளைஞருக்குக் கடிகாரமே குரு. காலை ஆறரைக்கு எழுதல், உடற்பயிற்சி, தனியே வேத வாசிப்பு, துணைவரோடு வாசிப்பு, பத்து மணிக்குள் வெளியே இறங்குதல், இரவு ஒன்பது மணி அளவில் வீடு திரும்புதல், பத்தரைக்குப் படுக்கை. 2017-இல் இதில் சற்றுத் தளர்ச்சி அளிக்கப்பட்டாலும் சட்டகம் கலையவில்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டுக்கு எழுதவும் உரியது. பெற்றோரிடம் வாய் திறந்து பேசுவது வருஷத்துக்கு இருமுறை, கிறிஸ்துமஸிலும் அன்னையர் தினத்திலும், என்றிருந்த நியமம் 2019 பிப்ரவரியில்தான் வாரந்தோறும் பேசலாம் என்று மாறியது. இரண்டு ஆண்டு பிள்ளையின் குரலைக் கேளாதிருந்த தாய்மார்களின் சரித்திரத்தை யாரும் எழுதவில்லை, எழுதத்தக்கது.

உபதேசத்தோடு, ஊராருக்கு உடலுழைப்பு நல்குவதற்கும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. துப்புரவு, தோட்ட வேலை, பாடம் சொல்லிக் கொடுத்தல் முதலான இத்தகைய சேவை, கூலியும் மதமாற்ற நிபந்தனையும் இல்லாமல் செய்யப்பட வேண்டும் என்பது விதி. என் அபிப்பிராயத்தில், கதவைத் தட்டும் மணி நேரங்களைக் காட்டிலும் இந்தச் சில மணி நேரங்களே அயலூராரின் மனத்தில் தங்குபவை.

இந்த அட்டவணை, அது பிறந்த நாட்டின் வாழ்க்கைக்கு இசைந்தது. திருப்பூர் வட்டாரத்தில் அதை வைத்துப் பார்த்தால் முரண் புலப்படும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்ப்பவர் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். அவர் வீடு சேரும் நேரம் ஊழியரும் தம் அறைக்குத் திரும்ப வேண்டிய நேரம். சனிக்கிழமை சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுமாக ஓடும் தொழிலாளி வாரத்தில், கடைக்கும் உறவினர் வீட்டுக்கும் உரிய ஒரே நாளை ஆராதனையும் கேட்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரு வேளை உண்ணாதிருந்து, அந்த உணவின் விலையை ஏழைகளுக்கு அளிக்கும் மோர்மன் வழக்கம் விரதமறிந்த நம்மவர்க்கு உடனே விளங்கும். காபியும் தேநீரும் ஆகாது என்னும் 1833-ஆம் ஆண்டு உபதேசமோ எளிதில் விளங்காது. கொங்குநாட்டில் வீடேறி வந்தவரை "வாங்க, காபி குடிங்க" என்று உபசரிப்பதுதான் பேச்சின் வாசற்படி. அதை மறுப்பவர் மோரையாவது வாங்கிக் குடிக்கக் கற்றிருக்க வேண்டும்.

எனவே, இச்சபை தமிழகத்தில் வேர்கொண்டது ஊழியர் தேடி வந்ததால் அன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர், கைக்குக் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துச் சபைக்குக் கடிதம் எழுதி, 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். கோவைப் பகுதியின் முதல் மோர்மன் குடும்பங்கள் அவர் வழி வந்தவை. ஐதராபாத்தில் நடந்ததும் இவ்வகையே. ஸமோவா தீவில் பணியாற்றியபோது சபையில் சேர்ந்த எட்வின் தர்மராஜு, எல்ஸி தர்மராஜு தம்பதியர், 1978 டிசம்பரில் சொந்த ஊருக்கு ஊழியராய் வந்து, தம் உறவினர் இருபத்திருவரைச் சேர்த்தனர். 1982-இல் மோர்மன் புத்தகத்தின் சில பகுதிகள் தமிழில் வெளிவந்தன. அதுவரை சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்டு வந்த இந்திய ஊழியம், 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மிஷனாயிற்று. அதன் முதல் தலைவர் குருசரண் சிங் கில் என்னும் பஞ்சாபிக் கணிதப் பேராசிரியர். நாட்டின் நிலைமையும் இந்தப் போக்குக்கு உதவிற்று. கிறிஸ்தவ மிஷன்களின் செயல்பாட்டை விசாரித்த நியோகி குழுவின் அறிக்கை 1956-இல் வெளிவந்த பிறகு அந்நிய மிஷனரிமார்க்கு விசா கிடைப்பது அரிதாயிற்று. சமயத்தைப் பரப்பும் உரிமை மதம் மாற்றும் உரிமையன்று என்று 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலேயே 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது. வெளிநாட்டு இளைஞர் வருவது குறையக் குறைய, இந்திய இளைஞரே பெயர்ப் பலகை அணிந்து அயல் மாநிலங்களுக்குப் போகலாயினர்; கோவைப் பையனுக்குத் தெலுங்கு நாடே பரதேசம்.

ஆகவே, ஒழுங்கில் குறைவற்ற அந்த வாரம் ஊழியரைப் பக்குவப்படுத்தும் சாதனமேயன்றி ஊரை மாற்றும் சாதனமன்று என்பதே தமிழக வரலாறு தரும் தீர்ப்பு. ஆனால் இவ்வரலாறு முழுவதும் வந்தவர்களின் நாட்குறிப்புகளிலிருந்தே எழுதப்படுகிறது. கதவைத் திறந்தவர்களின் பக்கம் எழுதப்படாமலே கிடக்கிறது. கோவை, திருப்பூர், தாராபுரம் பகுதிகளில் எந்தச் சபையைச் சேர்ந்த ஊழியரிடமிருந்தும் வந்த கடிதமோ, பிரசுரமோ, பழைய புகைப்படமோ எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருக்குமாயின், அவற்றைப் பழைய காகிதக் கடைக்குப் போடாமல், அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் சேர்ப்பிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.