மானிப்பாயில் திருத்திய ஏடுகள்

தமிழில் துறைநூல்கள் என்ற பேச்செழும் போதெல்லாம் நாம் கலைச்சொல்லைப் பற்றியே பேசி ஓய்கிறோம். சொல் கிடைத்துவிட்டால் நூல் தானே எழுந்துவிடும் என்றொரு நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவ நூல்கள் உருவான வரலாறு இந்த நம்பிக்கையைக் கலைக்கிறது.

அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மறு ஆண்டே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய களமாயிற்று. முதலில் பாடமொழி ஆங்கிலம். தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். முப்பதுக்கு மேற்பட்டோர் அவ்வாறு பயின்றனர். அவர்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டுமே!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 'கிறீனின் தமிழ் நூல்கள்' என்றே எழுதி வருகிறோம். அது முற்றும் சரியன்று. பல நூல்களை மொழிபெயர்த்தவர்கள் அவரிடம் பயின்ற தமிழ் மாணவர்கள். கிறீன் பதிப்பாசிரியர். 'கெமிஸ்தம்' (1875) சுவாமிநாதன், சாப்மன் ஆகிய இருவரும் பெயர்க்க, அவர் பார்வையிட்டுத் திருத்தியது. மூலத்தின் பொருளைக் காப்பவர் ஒருவர், தமிழ் வாக்கியத்தின் போக்கை அறிந்தவர் இன்னொருவர். இருவரும் ஒரே ஏட்டின்மேல் குனிந்திராவிட்டால் அந்நூல்கள் பாடமாகியிரா என்பது நம் துணிபு.

சொல்லுக்கும் ஒரு முறை வகுத்திருந்தனர். முதலில் தமிழ் வழக்கில் தேடுவது, கிடையாதபோது வடமொழி, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இணக்கிக் கொள்வது. 'கெமிஸ்தம்' மூன்றாம் வழியில் பிறந்தது. உடற்கூற்றியலுக்கு வைத்த 'அங்காதிபாதம்' நமக்கு மிக உவப்பானது. முதுகலை வகுப்பில் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். பாதாதிகேசம் படித்திருந்த மாணவர்கள் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. உடலியங்கியலைக் குறிக்கும் 'சுகரணம்' என்ற சொல்லிலோ அனைவரும் தடுக்கி விழுந்தனர்!

நிற்க. நூலின் கட்டுக்கோப்பும் மாறிக்கொண்டே வந்தது. கட்டர் என்பாரின் நூலைத் தழுவி 1857இல் வெளியானதன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் மூன்றும் ஒரே கட்டில். பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். பின்னர், கிரே எழுதிய உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' (1872) எனவும், டால்டனின் உடலியக்க நூல் 'மனுஷ சுகரணம்' (1883) எனவும் தனித்தனியே தமிழாயின. ஒரு துறைக்கு ஒரு நூல். தலைப்பும் இரண்டே சொல்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் இருந்துகொண்டும் திருத்தும் பணியை விடவில்லை. சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

கொழும்பில் 1870இலேயே அரசு மருத்துவப் பள்ளி ஆங்கில வழியில் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்வழி வகுப்பு கிறீனுக்குப் பின் நிலைக்கவில்லை. திருத்திப் படிக்க மாணவரின்றி அந்நூல்கள் அப்படியே நின்றன. அவற்றின் சொற்களைக் கலைச்சொல் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். சுவாமிநாதனும் சாப்மனும் அமைத்த வாக்கியம் ஒன்றையேனும் எடுத்து ஆராய்ந்த கட்டுரையை நாம் இதுவரை கண்டதில்லை.