கட்டற்ற மென்பொருளில் ஒரு கட்டம்

எங்கள் இதழின் முதல் சில ஆண்டுகளுக்கு அச்சுக் கோத்துத் தந்த பெரியவர் இறந்துபோனார். அவருடைய படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்து அரைப்பக்க அஞ்சலி போடுவது என்று முடிவாயிற்று. பக்கங்களை வடிவமைக்கும் தம்பி, 'கிம்ப்' நிரலில் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் மவுஸை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, இதுல பொட்டி போடுற டூலே இல்லண்ணே. வட்டமும் இல்ல. பிரஷ் இருக்கு, ரப்பர் இருக்கு, கத்தரிக்கோல்கூட இருக்கு. சும்மா கோடு மட்டும் போட்ட சதுரம் ஒண்ணு இல்ல."

நான் நம்பவில்லை. நானும் தேடினேன். அவர் சொன்னது சரிதான். முகத்தின் தழும்பை அழிக்கவும், வானத்தின் நிறத்தை மாற்றவும், நின்றவரைப் படத்திலிருந்து காணாமல் ஆக்கவும் வல்ல ஒரு நிரலின் கருவிப் பெட்டியில், வெற்றுச் சதுரம் வரைய ஒரு பொத்தான் கிடையாது. இதைக் 'குறை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இருப்பவற்றுக்கு மட்டுமல்ல, இல்லாதவற்றுக்கும் வரலாறு உண்டு. யாருடைய தேவை தேவையாக எண்ணப்பட்டது, யாருடையது எண்ணப்படாமல் போயிற்று என்பதை இல்லாதவைதான் கூடுதலாகச் சொல்கின்றன. அந்த அளவில் இந்தச் சதுரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1

ஈய எழுத்துக் காலத்தில் கட்டம் என்பது ஒரு பொருள். பித்தளை ரூலை அளவு பார்த்து வெட்டி, முனைகளைச் சாய்வாகத் தேய்த்து, நாலு பக்கமும் நிறுத்தி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் மூலையில் மயிரிழை வெள்ளை விழும். "மூல சேரலன்னா மொகமே சேராது சார்" என்பார் பெரியவர். வட்டம் வேண்டுமென்றால் பிளாக் செய்யக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு. கோட்டுக்கு எடை இருந்தது, விலை இருந்தது, கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

கணினித் திரைக்கு வந்தபோது இந்தக் கோடு இரண்டு வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தம்பியின் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதல் வழி, 1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷுடன் வந்த 'மேக்பெயின்ட்'. எழுதியவர் பில் அட்கின்சன். அதன் கருவிப் பெட்டியில் செவ்வகம், மூலை மழுங்கிய செவ்வகம், நீள்வட்டம், பலகோணம் ஆகியவை இரண்டிரண்டாக இருந்தன: ஒன்று உள்ளே வெறுமையாக, மற்றது நிரப்பப்பட்டதாக. அழுத்தி இழுத்தால் சதுரம். வரைபவர் வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்திருப்பவர், அவர் கை எதையாவது புதிதாகத் தொடங்கப்போகிறது என்ற நினைப்பிலிருந்து பிறந்த அமைப்பு இது. பிற்காலத்தில் பெயின்ட் நிரல்களில் பள்ளிப் பிள்ளைகள் போட்ட சதுரங்களெல்லாம் இந்த வம்சம்தான்.

இரண்டாவது வழி, ஒளிப்படத்தின் வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கி, சகோதரர் ஜானுடன் சேர்ந்து வளர்த்து, 1990இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபோட்டோஷாப். இங்கே தாள் வெறுமையாக இல்லை. படம் ஏற்கனவே வந்துவிட்டது. கேமராவோ ஸ்கேனரோ கொடுத்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் வரைபவர் அல்ல, திருத்துபவர். திருத்துபவரின் முதல் தேவை, 'இங்கே வேலை செய், அங்கே தொடாதே' என்று எல்லை வகுப்பது. எனவே இந்த மரபின் அடிப்படைச் செயல் வரைதல் அல்ல, தேர்வு செய்தல். ஃபோட்டோஷாப்பிலேயே வடிவங்களுக்கான தனிக் கருவி 2000இல், ஆறாவது பதிப்பில்தான் வந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

2

1995 ஜூலையில், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் பீட்டர் மாட்டிஸ், இணையச் செய்திக்குழுவில் ஒரு கேள்வியைப் போட்டார். ஃபோட்டோஷாப்பை ஒத்த ஒரு நிரலை யாராவது எழுதினால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது கேள்வி. அந்த 'யாராவது' அவரும் அவருடைய நண்பர் ஸ்பென்சர் கிம்பலும்தான். அந்த ஆண்டு நவம்பரில் நிரல் அறிவிக்கப்பட்டது. 1996 ஜனவரியில் 0.54 என்ற பதிப்பு பொதுவில் வந்தது. இன்றும் கிம்ப் தன் கோப்புகளுக்கு இடும் 'எக்ஸ்சிஎஃப்' என்ற பின்னொட்டு, இந்த இருவரும் சேர்ந்திருந்த மாணவர் கணினிக் கூடத்தின் பெயர்ச் சுருக்கம்.

ஆக, பிறக்கும்போதே மாதிரி எது என்பது முடிவாகிவிட்டது. ஃபோட்டோஷாப் 1995இல் எப்படி இருந்ததோ, அதன் உலகப் பார்வையோடுதான் கிம்ப் பிறந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டிய மூடிய நிரலுக்கு எதிராக, அதே வேலையைச் செய்யும் திறந்த நிரல். எதிர்ப்பவன் எதிராளியின் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு விடையை மட்டும் மாற்றுவது அரசியலில் நமக்குப் பழகிய கதைதானே. மாதிரியில் இல்லாத சதுரம் நகலிலும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முதல் பதிப்பு 'மோடிஃப்' என்ற கருவித் தொகுதியைச் சார்ந்திருந்தது. பொத்தான், சாளரம், மெனு ஆகியவற்றைத் திரையில் வரைந்துகாட்டும் அது தனியுடைமை. அதை வாங்காதவர்கள் கிம்பைத் தொகுக்கத் திண்டாடினார்கள். எனவே இருவரும் சொந்தமாக ஒரு தொகுதியையே எழுதினார்கள். ஜிடிகே எனப்பட்ட அதன்மேல்தான் 1997இல் தொடங்கிய க்னோம் மேசைத்தளம் கட்டப்பட்டது. பயனருக்குச் சதுரம் போட ஒரு பொத்தான் தராதவர்கள், லினக்ஸ் திரைகளில் பொத்தான்களாகவும் சாளரங்களாகவும் கோடிக்கணக்கான சதுரங்கள் தோன்ற வழிசெய்தார்கள். சதுரம் கருவியின் உடம்பில் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் கைக்கு வரவில்லை.

3

சரி, கிம்பில் கட்டம் போடவே முடியாதா? முடியும். செவ்வகத் தேர்வுக் கருவியால் ஓர் இடத்தை வளைக்க வேண்டும். சுற்றிலும் எறும்பு ஊர்வதுபோல் ஒரு புள்ளிக்கோடு ஓடும். (இந்த எறும்பு ஊர்வலத்தை முதலில் மேக்பெயின்டுக்காகச் செய்தவரும் அட்கின்சன்தான்.) பிறகு திருத்து மெனுவுக்குப் போய், தேர்வின் ஓரத்தில் கோடு போடச் சொல்ல வேண்டும். எத்தனை பிக்சல் தடிமன் என்று அது கேட்கும். மூன்று என்றால் மூன்று. வட்டத்துக்கும் இதே வழி: நீள்வட்டத் தேர்வு, பிறகு கோடு.

இந்த இரண்டு படிகளுக்கு நடுவில்தான் எனக்கு அக்கறை. முதல் படியில் கோடு இல்லை. உள், வெளி என்ற தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டாவது படியில் மை வந்து அந்தத் தீர்ப்பின்மேல் படிகிறது. 1984இல் அடோபி கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி இந்தப் பிரிவைத் தெளிவாகவே வைத்திருந்தது: 'பாதை' என்பதற்குத் தடிமன் இல்லை, அதன்மேல் கோடிடலாம், உள்ளே நிரப்பலாம், எதுவும் செய்யாமலும் விடலாம். மேக்பெயின்டின் பொத்தான் இரண்டையும் ஒரே இழுப்பில் முடித்துவிடுகிறது. அதனால் முதலில் ஒரு தீர்ப்பு நடந்ததே என்பது தெரியாமல் போகிறது.

அந்தத் தீர்ப்பும் எறும்புக்கோடு காட்டுவதுபோல் அவ்வளவு உறுதியானதல்ல. கிம்பில் தேர்வு என்பது உண்மையில் ஒரு சாம்பல்நிறப் படம். ஒவ்வொரு பிக்சலும் முழுக்கவோ, பாதியோ, காலோ தேர்வாகியிருக்கலாம். எட்டு பிட் கணக்கில் 256 படிநிலைகள். எறும்புகள் ஊர்வது பாதி என்ற அளவு விழும் இடத்தில் மட்டுமே. அதற்கு வெளியே நாற்பது சதவீதம் தேர்வான பிக்சல்கள் இருக்கும். கண்ணுக்கு அவை 'வெளி'. எல்லை அங்கே இருக்கிறது என்பது பார்ப்பதற்கு வசதியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. போடப்படும் கோடும் அந்த எல்லையின் இரு பக்கமும் சமமாகப் படிகிறது: பாதி உள்ளே, பாதி வெளியே. சட்டகம் படைப்புக்கு உள்ளா, வெளியா என்று 1978இல் தெரிதா பக்கம் பக்கமாகக் கேட்ட கேள்விக்கு, மூன்று பிக்சல் கோடு தன் பங்குக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

'விளிம்பு' என்ற சொல்லை இந்தப் பக்கங்களில் நாம் தேயத் தேயப் பயன்படுத்திவிட்டோம். அது எங்கோ ஏற்கனவே கிடக்கும் இடம்போலப் பேசிவிட்டோம். விளிம்பு யாரோ உள்ளே என்று ஒன்றை வளைத்த பிறகு மிஞ்சுவது என்பதை இந்த நிரல் எனக்கு மறுபடியும் நினைவுபடுத்தியது.

4

ஆனால் இதையே அழகாக்கிப் பேசிவிட்டுப் போவது மோசடி. தம்பிக்கு வேண்டியிருந்தது தத்துவம் அல்ல, ஒரு கட்டம்.

1997இல் ரிச்சர்ட் ஸ்டால்மனின் க்னூ திட்டத்தோடு சேர்ந்தபோது, கிம்பின் பெயரிலிருந்த 'பொது' என்ற சொல் போய் அந்த இடத்தில் 'க்னூ' வந்தது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் காசில்லாததா, விடுதலையா என்ற குழப்பம் தீராதது. தமிழில் நாம் தப்பித்தோம்: 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. கட்டற்ற மென்பொருள் தரும் உரிமைகள் நான்கு: இயக்கலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம். சதுரம் இல்லையா, நீயே எழுதிக்கொள். சட்டப்படி யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் 'சி' மொழி தெரிந்தவருக்கு மட்டுமே அந்தக் கதவுக்குச் சாவி இருக்கிறது. உரிமை எல்லோருக்கும், அதைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு என்பது பழைய தாராளவாதக் கணக்குதான்.

கணக்கு முழுக்கப் பொய்த்தும் போகவில்லை. 1997லேயே ஆண்டி தாமஸ் என்பவர் 'ஜிஃபிக்' என்ற செருகுநிரலை எழுதினார். வட்டம், நீள்வட்டம், பலகோணம், நட்சத்திரம், சுருள் எல்லாம் அதில் உண்டு. அது வடிப்பான்கள் மெனுவுக்குள், இன்னொரு துணைமெனுவுக்குள் போய் உட்கார்ந்தது. சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். 2003இல் 'இங்க்ஸ்கேப்' வந்த பிறகு, வடிவம் வரைய வேண்டுமென்றால் அங்கே போ என்பது வழக்கமான பதிலாயிற்று. உயர்தர ஒளிப்படத் திருத்தமே எங்கள் வேலை என்று 2006இல் கிம்ப் குழுவினர் தங்கள் நோக்கத்தை வகுத்துக்கொண்டார்கள். சம்பளமில்லாமல் உழைக்கும் சிலர் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது நியாயம். அந்த நியாயத்துக்குள் பயனர் யார் என்ற தேர்வும் நடந்துவிட்டது என்பதும் உண்மை. அங்கேயும் எறும்புகள் ஊர்ந்தன. நாற்பது சதவீதப் பயனர்கள் வெளியே நின்றார்கள்.

2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பின் கருவிப் பெட்டியிலும் வட்டத்துக்கெனத் தனிக் கருவி இல்லை. அதே ஆண்டு வந்த 3.1 சோதனைப் பதிப்புகளில், பாதையையே ஓர் அடுக்காக வைத்து, கோட்டையும் உள்நிறத்தையும் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, போட்ட கோடு புள்ளிகளாக உறையாமல் கோடாகவே இருக்க வழி பிறந்திருக்கிறது. எழுதியவர்களுக்கு நன்றி சொல்வோம். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 'தேர்வு செய், பிறகு கோடிடு' என்ற சூத்திரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளிய எண்ணற்ற பேரையும் சேர்த்தே நினைப்போம். நிரலைத் திருத்தத் தெரியாதவர்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்திய விதம் அதுதான். எந்த உரிமத்திலும் அது எழுதப்படவில்லை.

நம்மூரில் கட்சியிலிருந்து ஒருவரை ஒதுக்கினால் "கட்டம் கட்டிட்டாங்க" என்போம். செத்தவருக்கும் கட்டம்தான். ஒதுக்கவும் மதிக்கவும் ஒரே கோடு. எதற்காக வளைத்தோம் என்பதைக் கோடு சொல்லாது, போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

அன்று இரவு தம்பி வழியைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று பிக்சல், கறுப்பு. படத்தில் பெரியவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மூலையும் வெள்ளை விழாமல் சேர்ந்திருந்தன. "மூல சேந்துடுச்சுண்ணே" என்றார் தம்பி. பெரியவர் சொல்லும் அந்த வாக்கியத்தை அவர் கேட்டிருக்க வழியில்லை. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு படிகளையும் எழுதி, அடுத்து வருபவருக்காகத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தார்.