பதிமூணு மணி நேரப் புகையும் ஒரு வழக்கும்

போன சனிக்கிழமை விடியக்காலை 5 மணிக்கு எழுந்து வீட்டுப் பின்னாடி கரியடுப்பைப் பத்த வச்சேன். எட்டு பவுண்டு பன்றி முன்சப்பை. ராத்திரியே உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் எல்லாம் தடவி ஊற வச்சாச்சு. தணல் மேல ரெண்டு ஹிக்கரிக் கட்டை. அடுப்புச் சூடு 225 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கத்துலயே நிக்கணும், அதான் வேலையே.

கறி 160 டிகிரி வரைக்கும் ஒழுங்கா ஏறிச்சு. அப்புறம் மூணு மணி நேரம் அசையவே இல்லை. சொதப்பிட்டேன்னே நினைச்சேன் :-) விஷயம் என்னன்னா, வேர்வை நம்ம உடம்பைக் குளிர வைக்கிற மாதிரி, ஆவியாகிற ஈரம் கறியைக் குளிர வைக்குது. பொறுமையா இருந்தா சூடு மறுபடி ஏறும், கெட்டியான ஜவ்வெல்லாம் கரையும். சாயங்காலம் 6 மணிக்கு 200 டிகிரி. முள்கரண்டியால இழுத்தா நார் நாரா வந்துச்சு. அதான் புல்டு போர்க்.

எனக்கு இது ஒரு நாள் பொழுதுபோக்கு. இதையே வேலையா செஞ்சவங்க யாருன்னு அடுப்புப் பக்கத்துல உக்காந்து யோசிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு.

பன்றி அமெரிக்காவோட சொந்த விலங்கு இல்லை. 1539-ல் ஃப்ளோரிடாவில் இறங்கிய ஸ்பெயின்காரர் எர்னாண்டோ டி சோட்டோ, கூடவே பன்றிகளையும் ஓட்டி வந்தார். பின்னால் தெற்கு மாநிலப் பண்ணைகளில் பெரிய விருந்து என்றால் குழி வெட்டி, ராத்திரி பூரா தணல் அள்ளிப் போட்டு, முழுப் பன்றியை வாட்ட வேண்டும். அந்தக் குழியோரம் கண் விழித்து நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். 1865-ல் அடிமைமுறை ஒழிந்தபின் பலர் அந்தக் கைப்பக்குவத்தையே பிழைப்பாக்கிக் கொண்டார்கள். முழுப் பன்றியை விட்டு முன்சப்பையை மட்டும் வாட்டுகிற வழக்கத்துக்குப் பேர்போன ஊர் வட கரோலினாவின் லெக்சிங்டன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோர்ட் எதிரே கூடாரம் போட்டு விற்றார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். தென் கரோலினாவின் கொலம்பியாவில் மாரிஸ் பெஸ்ஸிங்கர் என்பவர் 'பிக்கி பார்க்' என்று டிரைவ்-இன் கடைகள் நடத்தினார். கடுகு சாஸ் ஊற்றிய பன்றிக்கறி அங்கே பிரபலம். வெள்ளைக்காரங்க கார்ல உக்காந்தபடியே சாப்பிடலாம். கறுப்பர்கள் சமையலறை ஜன்னல்கிட்ட போய் வாங்கிட்டு இடத்தைக் காலி பண்ணணும். யார் கைப்பக்குவத்துல வளர்ந்த சாப்பாடோ, அவங்களுக்கே அங்க உக்கார இடம் இல்லை!

1964 ஜூலை 2-ல் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அந்தக் கோடையிலேயே ஆன் நியூமன் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு அங்கே சாப்பாடு தர மறுத்தார்கள். அவரும் இன்னும் இரண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். இனம் கலந்து உட்கார வைப்பது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதாடினார் பெஸ்ஸிங்கர். 1966-ல் கீழ்க்கோர்ட், டிரைவ்-இன் கடைகளுக்குச் சட்டம் பொருந்தாது என்றது. மறுவருஷம் மேல்முறையீட்டில் அது தலைகீழானது.

1968 மார்ச் 18-ல் உச்சநீதிமன்றம் சொன்னதுதான் முக்கியம். இந்தச் சட்டப்படி ஜெயிச்சா நஷ்டஈடு கிடையாது, தடை உத்தரவுதான் கிடைக்கும். வக்கீல் செலவும் தலையில விழுந்தா எவன் கோர்ட் படி ஏறுவான்? அதனால ஜெயிச்சவங்களுக்கு வக்கீல் செலவைத் தோத்தவர்தான் பொதுவா தரணும்னு தீர்ப்பு. மத வாதத்தை ஒரு அடிக்குறிப்பிலேயே தள்ளிட்டாங்க. கையில காசில்லாதவங்களும் உரிமைக்காக வழக்குப் போடலாம்ங்கிற தைரியம், ஒரு பன்றிக்கறிக் கடை வழக்குல இருந்து வந்திருக்கு.

எங்க வீட்டுக் கறி நல்லாவே வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டோம். சாப்பாடு மறுத்ததுல இருந்து உச்சநீதிமன்றத் தீர்ப்பு வர நியூமனுக்குக் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆச்சு. எனக்குப் பதிமூணு மணி நேரம்தான்.