சாப்பாட்டுக்கடையும் கட்டட விதியும்

சிறு முதலுடன் ஒருவர் தொடங்கக்கூடிய தொழில்களுள் உணவுத் தொழில் முக்கியமானது என்பது யாவரும் அறிந்ததே. கைப்பக்குவமும் சந்தியிலே ஒரு கடையும் இருந்தாற் போதுமென்ற எண்ணத்துடனேயே பலரும் இதில் இறங்குகின்றனர். ஆயினும், கட்டட விதிகளின் பார்வையில் ‘சாப்பாட்டுக்கடை’ என்றொரு தனி வகை கிடையாது. அங்கே எத்தனை பேர் கூடுவர், அமர்ந்து உண்பரா, பொதி கட்டி வாங்கிச் செல்வரா என்பனவே வகையைத் தீர்மானிக்கின்றன.

இவ்வகைப்பாட்டை விளங்கிக்கொள்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதிக்கோவை நல்ல உதாரணமாகும். 2000ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த இக்கோவை மூன்று வருடங்களுக்கொருமுறை திருத்தப்படுகின்றது. மாநிலங்களும் நகரங்களும் ஏற்றுக்கொள்ளும்போதே அது சட்டவலுப் பெறுகின்றது.

இக்கோவையின்படி, மக்கள் அமர்ந்து உண்ணும் உணவகம் ஒன்றுகூடல் இடங்களுக்குரிய ‘ஏ-2’ பிரிவைச் சேரும். ஆனால், ஆட்கொள்ளளவு 50இற்குக் குறைவாயின் அது அலுவலகங்களைப் போன்று ‘பீ’ பிரிவில் அடங்கும். பலசரக்குக் கடை ‘எம்’ பிரிவிலும், வெதுப்பகம் ‘எப்-1’ என்னும் தொழிற்சாலைப் பிரிவிலும் இடம்பெறுகின்றன. உணவகத்துடன் இணையாத தனிச் சமையற்கூடம் 2,500 சதுர அடிக்கு மேற்படாதவிடத்து ‘பீ’ பிரிவிலும், மேற்பட்டால் ‘எப்-1’ பிரிவிலும் வகுக்கப்படுகின்றது.

இங்கு ஆட்கொள்ளளவு என்பது கடைக்காரர் போட்டிருக்கும் கதிரைகளின் எண்ணிக்கையன்று. மேசை கதிரையிட்ட உணவுக்கூடத்தில் ஆளொருவருக்கு 15 சதுர அடி, சமையற்கட்டில் 200 சதுர அடி என்றே கணக்கிடப்படும். 600 சதுர அடி உணவுக்கூடமும் 400 சதுர அடி சமையற்கட்டும் கொண்ட கடைக்கு 40உம் 2உமாக 42 பேர். அது ‘பீ’ பிரிவு. வியாபாரம் பெருகி, பின்புறக் களஞ்சிய அறையிலிருந்து 150 சதுர அடியை உணவுக்கூடத்துடன் சேர்த்துவிட்டாலோ, கணக்கு 52 ஆகி ‘ஏ-2’ பிரிவாக மாறிவிடுகின்றது. அப்போது இரண்டு வெளியேறும் வழிகள் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தாழ்கள் உள்ளிருந்து தள்ளிய மாத்திரத்தில் விடுபட வேண்டும். ‘ஏ-2’ பிரிவில் ஆட்கொள்ளளவு 100ஐ எட்டினாலோ, உணவகம் மேல்மாடியில் அமைந்தாலோ தானியங்கி நீர்த்தெளிப்பான்களும் கட்டாயமாகும்.

இவை வெறும் அலுவலகக் கெடுபிடிகள் எனக் கருதுவது தவறாகும். 1942 நவம்பர் 28இல் பொஸ்டன் நகரின் கொக்கோநட் குரோவ் விடுதியில் மூண்ட தீ 492 உயிர்களைக் காவுகொண்டது. சுழல் கதவு நெரிசலில் இறுகியது. ஏனைய கதவுகளுட் சில பூட்டப்பட்டிருந்தன, சில உட்புறமாகத் திறப்பவை. 2003 பெப்ரவரி 20இல் ரோட் ஐலண்டின் ஸ்டேஷன் இரவு விடுதியில் 100 பேர் மாண்டனர். அதன் பின்னரே நீர்த்தெளிப்பானுக்கான எல்லை 300 பேரிலிருந்து 100 பேராகக் குறைக்கப்பட்டது. இவ்விதிகளின் ஒவ்வொரு இலக்கத்துக்குப் பின்னாலும் இத்தகைய இழப்புகள் உள்ளன.

நம்மவர் பலர் சிறு உணவகங்களை நடத்தும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எல்லை இதனினும் குறைவு. அங்கு 30 பேருக்கு மேற்படாது உண்ணும் உணவகமே சாதாரண வணிக நிலையமாகக் கொள்ளப்படலாம். எனவே புடைவைக் கடையாகவிருந்த இடத்தை வாடகைக்கு எடுப்பவர், ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன், அவ்விடம் எந்த வகைக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பயன்பாட்டு வகை மாறும்போது ஏற்படும் செலவு சிறு முதலீட்டாளரின் சேமிப்பையே விழுங்கிவிடக்கூடும்.

சிறிய வகைக்குள் அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பதும் பொருளன்று. எண்ணெய்ப்புகை எழும் அடுப்புக்கு மேலே உரிய புகைவாங்கியும் தீயணைப்பு ஏற்பாடும் எப்பிரிவிலும் அவசியமானவை. பத்துப்பேர் அமரும் கடையிலும் தாச்சி தீப்பற்றும்.

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவின் தூய்மையைக் கவனிக்கின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்களில் கட்டடங்களுக்கு இணக்கச் சான்றிதழும் தேவைப்படுகின்றது. எனினும், கடைவீதிகளில் ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றுடன் மேல்மாடியில் இயங்கும் உணவகங்களையும், வெளியேறும் வழியிலேயே எரிவாயுச் சிலிண்டர்கள் அடுக்கப்பட்டிருப்பதையும் நாம் காணாதவரல்லர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் தொடர்ந்த எரிவாயு வெடிப்புகளை அதற்குள் மறந்துவிடலாகாது.

உள்ளூராட்சி மன்றங்கள் வியாபார அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, இக்கடையில் எத்தனை பேர் இருப்பர், தீ மூண்டால் எவ்வழியால் வெளியேறுவர் என்னும் இரு வினாக்களையேனும் தவறாது எழுப்புதல் வேண்டும். சிறு வியாபாரியைத் தண்டிப்பதற்காகவன்றி, முன்கூட்டியே வழிகாட்டுவதற்காக அவை எழுப்பப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும். பசியாற வந்தவர் பத்திரமாக வீடு திரும்புதலும் கடைக்காரரின் பொறுப்பேயாகும்.