பத்துப் பேரும் மூன்றில் ஒரு பங்கும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களின் கல்விச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்கங்களின் தோற்றத்தையும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய விழாக்களையும் கூறி அமைவர். அவை போற்றத்தக்கனவே. ஆயினும் நம் குழந்தைகள் தமிழைக் கற்றனரா, கைவிட்டனரா என்பது முடிவானது விழா மேடைகளில் அன்று. ஆறாம் வகுப்பின் வாயிலில். ஆறு, ஏழு, எட்டு ஆகிய நடுநிலை வகுப்புகளுக்கு எந்தெந்த மொழிகள், எத்தனை பாடவேளைகள், கற்பிப்பவர் யார் என்று பெற்றோரும் ஆசிரியரும் கூடித் திட்டமிட்ட சிறு கூட்டங்களே நம் சரித்திரத்தின் பெரும்பகுதி என்பது நம் கருத்து.

சட்டத்தின் துணை ஏதுமில்லாத காலத்திலேயே இம்முயற்சி தொடங்கிவிட்டது. கோடையில் சிம்லாவும் குளிர்காலத்தில் டில்லியுமாக மத்திய சர்க்கார் இடம் மாறிக்கொண்டிருந்த நாளில், 1923-இல், டில்லியில் வாழ்ந்த தென்னாட்டவர் மதராஸிக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று இன்று ஏழு பள்ளிகளை நடத்துவது அந்த ஸ்தாபனமே. பம்பாயில் மாதுங்காவை நிலைக்களமாகக் கொண்டு 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. இவற்றின் தொடக்கக் காலத்தில் நிர்வாகிகள் வேறு, பெற்றோர் வேறு என்ற பிரிவு பெரிதாக இருந்திருக்க இயலாது. உத்தியோகத்தின் பொருட்டுக் குடிபெயர்ந்தவரே பிள்ளைகளின் தந்தையராகவும் பள்ளியின் காவலராகவும் விளங்கினர்.

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை மாறிற்று. 1949 ஆகஸ்டு மாதத்தில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தொடக்க நிலையில் குழந்தைக்குத் தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும். அம்மொழி வட்டார மொழியினின்று வேறாயின், பள்ளி முழுவதிலும் 40 மாணவரோ, ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருந்தால், அவர்களுக்கென ஓர் ஆசிரியரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்துப் பிள்ளைகள்! ஒரு குடியிருப்பின் நான்கு தெருக்களில் நடந்தால் கிடைத்துவிடும் எண்ணிக்கை. ஆனால் அதே தீர்மானம் இரண்டாம் நிலைக் கல்வியைப் பற்றிப் பேசுமிடத்தில் குரல் மாறுகிறது. அங்கே பள்ளியின் மொத்த மாணவருள் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தாலன்றிச் சர்க்கார் பள்ளிகளிலும் நகராட்சிப் பள்ளிகளிலும் தாய்மொழி வழிக் கல்விக்கு இடமில்லை. 300 பேர் பயிலும் பள்ளியில் 100 தமிழ் மாணவர் வேண்டும். பத்துக்கும் நூறுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்திலேதான் நடுநிலை வகுப்புகள் விழுந்தன.

தொடக்க நிலை எந்த வகுப்போடு முடிகிறது என்பதும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. கேரளத்தில் கீழ்த் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு நிற்கிறது, டில்லியில் ஐந்து, பம்பாயிலோ ஏழாம் வகுப்பு வரை தொடக்கக் கல்வி என்றே வழங்கினர். பம்பாய் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் நடுநிலை வகுப்புகளையும் தம்முள் அடக்கி வளர்ந்ததற்கு இவ்வழக்கும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-இல், ஏழாவது திருத்தத்தின் வாயிலாக, 350-அ என்னும் ஷரத்து அரசியலமைப்பில் இடம்பெற்றது. அதுவும் தொடக்க நிலை என்று கூறியதேயன்றி, அந்நிலை எங்கே முடியும் என்று வரையறுக்கவில்லை. மறு ஆண்டில் மொழிச் சிறுபான்மையோருக்கென ஓர் ஆணையர் நியமனம் பெற்றார். இரண்டாம் நிலையில் மேல் வகுப்பு நான்கிலும் சேர்த்து 60 பேர், வகுப்புக்கு 15 பேர் என எண்ணிக்கை பின்னர்த் தளர்த்தப்பட்டது. பள்ளி திறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பெற்றோரின் விண்ணப்பங்களைப் பெற்றுத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும் முறையும் வகுக்கப்பட்டது. இப்பதிவேட்டை நாம் சாமானியமாக எண்ணலாகாது. ஜூன் மாதத்தில் வந்து கேட்கும் தந்தைக்கு, ஆசிரியர் இல்லை என்ற விடை எளிதில் கிட்டும். மார்ச்சிலேயே பத்துப் பெயர்களைப் பதிந்துவிட்ட பெற்றோருக்கு அந்த விடையைக் கூறுவது தலைமையாசிரியருக்கு அத்துணை எளிதன்று.

1961-இல் கூடிய முதலமைச்சர்கள் மாநாடு மும்மொழித் திட்டத்தைச் செப்பஞ் செய்தது. வட்டார மொழியும், அதினின்று வேறான தாய்மொழியும் சேர்ந்து ஒரு பகுதி; ஹிந்தி, அல்லது ஹிந்தி வழங்கும் பிரதேசங்களில் பிறிதோர் இந்திய மொழி, இரண்டாம் பகுதி; ஆங்கிலமோ வேறோர் ஐரோப்பிய மொழியோ மூன்றாம் பகுதி. பெங்களூரில் வாழும் தமிழ்ச் சிறுவனுக்கு இக்கணக்கின்படி கன்னடம், தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் என மொழிகள் நான்காயின. பெயர்தான் மும்மொழி! டில்லிச் சிறுவனுக்கோ தமிழ் இரண்டாம் பகுதியில் இயல்பாகவே அமரலாம். ஆனால் ஹிந்திப் பிரதேசப் பள்ளிகளுட் பல அவ்விடத்தை ஸம்ஸ்கிருதத்திற்கே அளித்தன.

இங்கேதான் ஆசிரியர்களின் திட்டமிடும் திறன் வெளிப்பட வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியரே பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பார். ஆறாம் வகுப்பில் பாடத்திற்கொருவர் என்ற ஏற்பாடு தொடங்குகிறது. தமிழுக்கு வாரத்தில் ஐந்து பாடவேளை எனக் கொண்டால், மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து 15-தான். ஒரு முழுநேர ஆசிரியரின் வேலைக்கு அது போதாது. ஸம்ஸ்கிருதம் நடக்கும் வேளையிலேயே தமிழும் நடந்தால்தான் மாணவன் ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடியும். மூன்று வகுப்புகளிலும் மூன்றாம் மொழிக்கு ஒரே வேளையைக் குறித்துவிட்டாலோ, தமிழாசிரியர் மூவர் வேண்டும். வேளைகளை முன்பின்னாக மாற்றி அடுக்கினால் ஒருவரே மூன்று அறைகளுக்கும் செல்லலாம். கால அட்டவணையில் செய்யும் இச்சிறு மாற்றத்தால் பிழைத்த தமிழ் வகுப்புகளும் உண்டு. அதைச் செய்வாரின்றி மறைந்தவையும் உண்டு.

பாடநூல் தொல்லை இதனினும் பெரிது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள், வீட்டிலும் வீதியிலும் தமிழே கேட்டு வளரும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. மைதானத்தில் ஹிந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புச் செய்யுள் மலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, மத்திய கல்வி வாரியப் பள்ளிகளின் ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது. தமிழ்நாட்டின் பள்ளியாண்டு ஜூனில். புதிய நூல் அச்சேறும் ஆண்டுகளில், இடைப்பட்ட வாரங்களை ஆசிரியர் தம் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டே ஓட்ட வேண்டியதாகிறது.

பெற்றோருக்குச் சட்டத்தில் ஓர் ஆசனம் கிடைத்தது மிக அண்மையில்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளர். குழுவிற் பாதிப் பேர் பெண்டிர் என்று அது விதித்தது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என 2012-இல் செய்த திருத்தம் வரையறுத்தது. நம்மவரே நடத்தும் பள்ளியில் தமிழ்ப் பெற்றோரின் சொல் ஆலோசனையாகவும், அயலார் சூழ்ந்த சர்க்கார் பள்ளியில் அதிகாரமுடைய திட்டமாகவும் நிற்பது இதன் விளைவு. இது சற்று விசித்திரமே.

சர்க்கார் பள்ளிகளில் அக்குழு மூன்றாண்டுகளுக்கான வளர்ச்சித் திட்டமொன்றை, நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே ஆயத்தம் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். வகுப்பு வாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தனியாக எத்தனை பாட ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர் தேவை என்ற விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும். மொழி வாரியான எண்ணிக்கையை அவ்விதிகள் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் தமிழ் வேண்டுவோர் பத்துப் பேர் உளர் என்பது அத்திட்டத்தில் ஏறுமாயின், டிசம்பர் மாதக் கூட்டத்தில் ஒரு தாயோ தந்தையோ எழுந்து கூறியதனால்தான் ஏறும்.