ஒரே தொண்டையில் இரண்டு குரல்: கொழும்பு கவனிக்காமல் விட்ட ஓர் அல்பம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் பதினோராம் தர மாணவன் ஒருவனை இயர்போனும் கையுமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "சேர், இவன் பேய்ப்பாட்டுக் கேட்கிறான்" என்று முறைப்பாடு. போனை வாங்கிக் கேட்டோம். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வயதில் நாங்கள் கேட்டு வீட்டில் ஏச்சு வாங்கிய அதே குரல். ஸ்டிக்மாட்டா.

கொழும்பில் பிறந்த ஹெவி மெட்டல் இசைக்குழு அது. தொண்ணூறுகளின் கடைசியில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். பாடகர் சுரேஷ் டி சில்வா. கிட்டாரில் டென்னிசன் நெப்போலியனும் அண்ட்ரூ ஒபேசேகரவும். 2003இல் "ஹொலோ ட்ரீம்ஸ்" வந்தது. 2006இல் "சைலன்ட் கேயொஸ் சர்பென்டைன்". இந்த இரண்டாவது அல்பத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் வரலாற்றுப் பாடம் படிப்பிப்பவர்கள். நமது ஊரில் நடந்த ஒன்றைப் பதிந்து வைப்பதே நோக்கம்.

முதலில் இந்த இசை எங்கிருந்து வந்தது? 1970இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பிளக் சபத் என்ற பெயரில் முதல் அல்பத்தை வெளியிட்டார்கள். அதன் கிட்டார் கலைஞர் டொனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். விரலுக்கு வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். அந்தத் தளர்ச்சியில் பிறந்த கனத்த ஓசைதான் பிறகு ஓர் இசை வகையின் அடையாளமாயிற்று. எண்பதுகளில் அமெரிக்காவின் புளோரிடாப் பக்கத்துக் குழுக்கள் பாடுவதையே விட்டுவிட்டு உறுமத் தொடங்கின. தொண்ணூறுகளில் ஃபியர் ஃபெக்டரி, சுவீடனின் ஓபெத் போன்ற குழுக்கள் உறுமலையும் இனிய பாட்டையும் ஒரே பாடலுக்குள் கொண்டுவந்தன. 2000இல் லிங்கின் பார்க் அந்தக் கலவையைக் கொழும்பு டியூட்டரி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது. அது எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த உறுமல் சும்மா கத்துவதல்ல. சாதாரணக் குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு நமக்கு இருக்கிறது. அதை அதிரவைத்து, மூச்சை வயிற்றிலிருந்து கட்டுப்படுத்தினால்தான் அந்தச் சத்தம் வரும். பயிற்சி இல்லாதவன் கத்தினால் தொண்டை கட்டிவிடும். உறுமிவிட்டு அடுத்த வரியிலேயே மென்மையாகப் பாடுவது அதைவிடக் கஷ்டம். நமது கூத்துக் கலைஞர்களைக் கேட்டால் இது புரியும். அரக்கனாகக் கர்ச்சித்தவரே அடுத்த இரவில் சோகப் பாத்திரத்தில் உருகிப் பாடுவார்.

சுரேஷ் டி சில்வா அதைத்தான் செய்தார். கனத்த கிட்டார்களுக்கு நடுவில் உறுமுவார், கீச்சிடுவார். பிறகு திடீரென்று சுத்தமான குரலில் பாடுவார். கேட்பவனுக்கு இரண்டு மனிதர்கள் பாடுவதுபோல இருக்கும்.

இனி 2006ஆம் ஆண்டுக்கு வருவோம்.

2002 பெப்ரவரியில் கையெழுத்தான யுத்த நிறுத்தம் அந்த ஆண்டு கையை விட்டுப் போனது. ஓகஸ்டில் மூதூரிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறின. கொழும்பில் சோதனைச் சாவடிகள் திரும்பி வந்தன. அடுத்த வருடம், 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் அது நின்றது.

நாங்கள் அப்போது உயர்தரம். கொட்டாஞ்சேனையில் மாடிவீட்டில் இருந்த நண்பன் ஒருவன் அந்த இறுவட்டைக் கொண்டுவந்தான். அவன் தமிழன், எங்களோடு கேட்ட இன்னொருவன் சிங்களவன். டியூஷன் முடிந்து காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொள்வோம். சோதனைச் சாவடி வந்தால் கழற்றி மூன்று அடையாள அட்டைகளையும் நீட்டுவோம். ஓர் அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திரும்பி வந்ததும் ஒன்றும் பேசமாட்டோம். விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓடும்.

அந்த அல்பம் யுத்தத்தைப் பற்றியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கத்த முடியாத வயதில், கத்தக்கூடாத ஊரில், நமக்காக ஒருவர் கத்தினார். கத்தி முடிந்ததும் பாடவும் செய்தார். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு 2010இல் "சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்ட்டர்டம்", 2015இல் "த அஸெட்டிக் பரடொக்ஸ்" என்று அவர்கள் தொடர்ந்தார்கள். ஆனாலும் நமது பகுதியில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்கு இந்தப் பெயர் தெரிந்தால் அதிகம். ஏன்?

ஏ.ஈ. மனோகரனின் "சுராங்கனி"யை எல்லோரும் அறிவோம். நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்களை நமது பெற்றோர் கல்யாண வீட்டில் பாடுவார்கள். அவற்றைத் தமது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள், வானொலியும் இருந்தது. இந்த அல்பமோ ஆங்கிலத்தில் வந்தது. சிங்களவரும் தமது என்று சொல்லவில்லை, தமிழரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஓர் இனத்தின் கணக்கில் எழுதப்படாத எதுவும் மெதுவாக மறந்துபோகிறது. அந்தக் காலத்துக் கொழும்பின் வரலாற்றைக் குண்டுவெடிப்புகளின் பட்டியலாக மட்டும் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். மூன்று இனத்துப் பையன்கள் ஒரே இயர்போனில் கேட்டதும் அந்த வரலாறுதான்.

அந்த மாணவனிடம் கேட்டோம், "இதில் என்ன பிடிக்கும் மகன்?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "சேர், கத்துற இடம் இல்ல. கத்தி முடிஞ்சு பாடத் தொடங்குற இடம். அதிலதான் எனக்கு அழுகை வரும்."

அவனுடைய வாப்பா கட்டாரில் வேலை. இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. அது எங்களுக்கு அன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் போன் பாவிக்கக் கூடாது என்பது சட்டம், அதைச் சொன்னோம். வேறு ஏச்சு ஒன்றும் கொடுக்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கறுப்பு உடுப்பையும் தாடியையும் நீண்ட முடியையும் பார்த்தே ஆளை எடைபோடுகிற பழக்கம் இந்த ஊரில் அதிகமாகிவிட்டது. அது நம்மை எவ்வளவு நோகடித்தது என்று நமக்குத் தெரியும். அதையே நமது பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடாது. கறுப்பு டீசேர்ட் போட்ட பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு சத்தமான பாட்டுக் கேட்டால், ஏசுவதற்கு முன்னால் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அந்த நாட்களின் இசை நிகழ்ச்சி டிக்கட், துண்டுப் பிரசுரம், இறுவட்டு ஏதாவது வீட்டு அலுமாரியில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் இருந்த இறுவட்டு கீறல் விழுந்து பாடாமல் போய்விட்டது. உறையை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.